பாட்டுக்காக அணைத்த டோவிங் மோட்

கிள்ளானில் வர்ணம் பூசிய ரவாங் கோயில் தேரை, திருவிழா அன்று டிரெய்லரில் ஏற்றி என் பிக்கப் வண்டியில் ரவாங்குக்கு இழுத்துப்போனேன். பாரம் இழுப்பதற்கான டோவிங் மோடில் கியர் சீக்கிரம் மாறாது. மேட்டில் இஞ்சின் உறுமும்.

"சாமி பாட்டே கேக்கலலா, அந்த மோட அடைச்சிருங்க," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

அணைத்தேன். அடுத்த மேட்டில் கியர் ஒரு நிலையில் நிற்காமல் மாறி மாறி விழுந்தது. கியர்பாக்ஸ் சூடேறி, கருகிய வாடையோடு வண்டி நின்றேவிட்டது.

உதவிக்கு ஆள் வருவதற்குள் கோயில் தலைவர் அழைத்தார்: "பரவால்லண்ணே, தேர் இல்லாம சாமியத் தோள்லயே தூக்கிட்டோம்."

அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது பாரம் இழுக்கும்போது மோடை அணைப்பதில்லை, பாட்டும் போடுவதில்லை. இழுப்பதெல்லாம் பழைய இரும்புதான். தேரை என்னிடம் யாரும் கொடுப்பதில்லை.