சௌந்தரம் அடித்த தண்டவாளம்

பத்திரிகைக்கு எழுதுகிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. ரங்கூனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது. எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலிருந்து வந்த எங்களுக்கு வேங்கிக்கால் பக்கம் வரிசை வீடுகள் கட்டித் தரப்போவதாகப் பேச்சு நடக்கிறது. அங்கே நெருப்பு மணி ஒன்று வேண்டும் என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். "மணின்னு ஒண்ணு தொங்குனா எவளாவது சும்மா அடிப்பா. போன தடவை ஆனது போதாதா?" என்று பதில் வந்ததாம். அந்த எவளோ ஒருத்தி என் நாத்தனார் சௌந்தரம். அதனால்தான் எழுதுகிறேன்.

திருவண்ணாமலைக்கு வந்து இறங்கிய அன்று நாங்கள் முதலில் தேடியது கொக்கியை. ரங்கூனில் நாங்கள் இருந்த கம்பை என்கிற பேட்டைப் பக்கமெல்லாம் மரவீடும் ஓலைக் கூரையும்தான். ஒவ்வொரு வாசலிலும் கூரையைப் பிய்த்து இழுக்க நீள மூங்கில் கொக்கி, தீயை அடித்து அணைக்க ஒரு தட்டி, நிறையத் தண்ணீர் பிடித்துவைத்த பீப்பாய், இந்த மூன்றும் இருந்தே ஆகவேண்டும். கடுங்கோடையில் பகல் வேளையில் அடுப்பு மூட்டக்கூடாது. காலையிலேயே ஆக்கிவைத்ததைத்தான் மத்தியானம் சாப்பிடுவோம். தெருமுனையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். புகையைக் கண்டவர் தமிழரோ பர்மியரோ, "மீ, மீ" என்று கத்திக்கொண்டே அடிப்பார்கள். பர்மிய மொழியில் மீ என்றால் நெருப்பு. அடித்தவரை ஏன் அடித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே வாசலுக்கு வாசல் கோலம் இருந்தது, கொக்கி இல்லை. உச்சிவெயிலில் ஓலைக் கூரைகளின் மேல் புகை சுருண்டுகொண்டிருந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சௌந்தரம் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய ஒரே மகள் செல்வி அங்கே நெருப்பில் போனாள். அது மழைக்காலம், அடுப்புக்குத் தடை இல்லாத மாதம். பின்வரிசையில் புகை எழுந்தபோது தண்டவாளத்தின் அருகில் நின்றிருந்தவர் எங்களுக்கு வேண்டியவர், நல்ல மனிதர். அடுப்புப் புகையாக இருக்கும் என்று நினைத்து நின்றுவிட்டார். அவர் அடித்தபோது சௌந்தரம் அரிசி மில்லில் இருந்தாள், குழந்தை வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு புகையைக் கண்டால் சௌந்தரம் அது என்ன புகை என்று யோசிப்பதில்லை.

இங்கே எங்களில் பன்னிரண்டு குடும்பங்களை ஒரு பழைய சத்திரத்தில் வைத்தார்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். தெருவுக்குப் போக ஒரே ஒரு குறுகலான நடை. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். முற்றத்து வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் சௌந்தரத்துக்குத் தூக்கம் வந்தது. அது அன்னதானம் நடக்கிற நாளில் சாப்பாட்டுக்கு அடிக்கிற மணி என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு வாரம் கூட ஆகவில்லை, மதில் சுவரைத் தாண்டிக் கரும்புகை வந்தது. பக்கத்து வீட்டுக் காதர் பாய் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அவருடைய உலைப் புகை அது. சௌந்தரம் ஓடிப்போய் அடித்தாள். தண்ணீர்க் குடத்தோடு ஆட்கள் வருவார்கள் என்று பார்த்தால், காவி கட்டிய சாமியார்கள் திருவோடும் கையுமாக நடை வழியே வந்தார்கள். முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"என்னாம்மா, இன்னும் இலை போடலையா?" என்றார் ஒருவர்.

"நெருப்பு சாமி, நெருப்பு" என்று சௌந்தரம் சுவரைக் காட்டினாள்.

"நெருப்பு இருந்தாத்தானே சோறு வேகும்? மெதுவா ஆகட்டும். நாங்க எங்கயும் போகலை."

அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். சௌந்தரம்கூடச் சிரித்தாள்.

அடுத்தடுத்து நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கடலைத்தோல் எரித்ததற்கு அடித்தாள். ஈர வரட்டி புகைந்ததற்கு அடித்தாள். போகி விடியலில் தெருவெல்லாம் பழம்பாயைக் கொளுத்தியபோது அவள் அடித்த அடியில், ரங்கூன் கலவரத்தைப் பார்த்திருந்த எங்கள் பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார்கள். மரவீடுகளுக்கு நடுவே நாங்கள் போகி கொளுத்தியதே இல்லை. சத்திரத்து மேனேஜர் வந்து முற்றத்தில் நின்றார். "ரங்கூன் மகாராணி மணி அடிச்சா ஊரே எழுந்துக்கணுமா? இன்னொரு தபா சும்மா அடிச்சா பன்னெண்டு குடும்பமும் மூட்டையக் கட்டிக்குங்க. வேங்கிக்கால் பொட்டல்ல போயி இஷ்டத்துக்கு அடிச்சிக்குங்க" என்றார். அவர் போன பிறகு எங்கள் ஆட்களே, அவளை அறைக்குள் வைத்துப் பூட்டு என்று என்னிடம் சொன்னார்கள். மழைக்கு ஒதுங்க எல்லோருக்கும் இருந்தது அந்த ஒரு கூரைதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூட்டவும் வரவில்லை.

வழி காதர் பாயிடமிருந்து வந்தது. மறுநாள் காலையில் நடை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"அம்மா, கல்யாண வீட்டு அண்டா ஒண்ணு வந்திருக்கு. இன்னைக்குப் புகை ஜாஸ்தியா இருக்கும். உலை மூட்டப் போறேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

சௌந்தரம் அவர் பின்னாலேயே போனாள். உலையைப் பார்த்தாள், அதற்கு மேலே இருந்த கீற்றுக் கொட்டகையைப் பார்த்தாள். "தண்ணி எங்க பாய்?" என்றாள். அவர் ஒரு குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். "சரிங்க பாய், மூட்டுங்க."

"தாசில்தார் உத்தரவு கெடைச்சிடுச்சு" என்று அவர் உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் வந்து சொல்லிவிட்டுத்தான் உலை மூட்டினார். அவரைப் பார்த்து எதிர்வீட்டு இட்லிக்காரம்மாவும் சொல்ல ஆரம்பித்தாள். கடலை வறுக்கிறவர் போகிறபோக்கில், "மகாராணி, அடுப்பு மூட்டிக்கலாங்களா?" என்று குரல் கொடுப்பார். கிண்டலாகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. சௌந்தரம் ஒவ்வொன்றையும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வேப்பமரத்துத் தண்டவாளத்தை அவள் மாதக்கணக்கில் தொடவில்லை. அவளும் கொஞ்சம் சதை போட்டாள். ஒரு கட்டடத்தில் பொய் மணியைக் குறைக்க மணியைக் கழற்றவேண்டும் என்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நெருப்பு மூட்டுகிறவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

கார்த்திகை வந்தது. மலைமேல் தீபம் ஏற்றுவார்கள் என்பது பர்மாவில் இருந்தபோதே தெரியும். அங்கேயும் அன்று வரிசையாக அகல் வைப்போம். சௌந்தரத்தை வெளியே கூட்டிப்போய் மலை உச்சியைக் காட்டினேன். காதர் பாயும், "மேல கொப்பரையில ஏத்துவாங்கம்மா. கல்லு மலை, ஒண்ணும் பத்திக்காது" என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். தெருக்கோடி அம்மன் கோயில் முன்னால் ஆட்கள் ஒரு பனந்துண்டை நட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல்கால் என்று நினைத்துக் கடந்து வந்தோம். அதில் காய்ந்த ஓலையைக் கட்டிக் கொளுத்துவார்கள், அதற்குச் சொக்கப்பனை என்று பெயர், இதெல்லாம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயத்தை யார் வந்து சொல்வார்கள்?

அன்று ஒரு வியாபாரி சத்திரத்தில் அன்னதானம் வைத்திருந்தார். வெளியூர் ஜனம் மத்தியானத்திலிருந்தே வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது. மேனேஜர் அவர்களிடம், "தீபம் பாருங்க. மணி அடிச்சா உள்ள வாங்க" என்று சொல்லிவைத்திருந்தார். இருட்டுகிற நேரத்தில் மலையில் சுடர் எழுந்தது. ஊர் முழுவதும் அரோகரா என்றது. சௌந்தரம் என் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். நல்லபடியாக முடிந்தது என்று நான் இரவுச் சமையலுக்குத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக் கிணற்றுக்குப் போனேன். குடத்தை இடுப்பில் வைக்கும்போது தெருப்பக்கம் கூரைகளுக்கு மேலே பனை உயரத்துக்குத் தீ எழுந்தது. ஓலை வெடிக்கிற சத்தமும் ஜனங்களின் கூச்சலும் கேட்டன. அடுத்த நொடி தண்டவாளம் ஒலித்தது. "மீ, மீ" என்று அவள் குரல்.

எங்கள் குடும்பங்கள் பெட்டியும் பிள்ளையுமாக நடை வழியே வெளியே ஓடின. சோற்று மணி என்று வாசல் ஜனம் அதே நடைக்குள் உள்ளே ஓடிவந்தது. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டன. பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், சுவரோரம் கீழே விழுந்தாள். அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. கையில் பித்தளைத் தூக்கு அப்படியே இருந்தது.

நெருப்பு எங்கேயும் பிடிக்கவில்லை. சொக்கப்பனை எரிந்து சாய்ந்தது, ஜனங்கள் கும்பிட்டார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த சௌந்தரம் என்னைப் பார்த்து, "அண்ணி, அணைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"அணைஞ்சுது" என்றேன்.

மதிலுக்கு மேலே மலைச்சுடர் தெரிந்தது. அதைப் பார்த்தால் கைகூப்பவேண்டும். என் இடுப்பில் குடம் இருந்தது. இறக்கி வைத்தால்தான் கும்பிட முடியும். இறக்கவும் தோன்றாமல், போகவும் இடமில்லாமல், தண்ணீரோடு நின்றுகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் போலீஸ் ஜீப்பில் சௌந்தரத்தை ஏற்றிப்போனார்கள். மதராஸில் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். மேனேஜர் ஆள் வைத்துத் தண்டவாளத்தை இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்துக் காதர் பாய் நடை வாசலில் வந்து நின்று, "அம்மா, உலை மூட்டப் போறேன்" என்றார். "சரிங்க பாய்" என்று நான் சொன்னேன். அவர் போய் மூட்டினார்.