அழக்கூடாது என்று எழுதிய இயல்

நான் தத்துவத்தில் ஆய்வேடு எழுதியது நாற்பது வயதை நெருங்கும்போது, ஈப்போவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது. கடலுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம், வேலையில் இருந்துகொண்டே எழுதி அனுப்பலாம் என்றது. பட்டம் பெற்ற ஒருவர் வழிகாட்டியாக இருந்து கையெழுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான். அப்படி ஒருவர் தைப்பிங்கில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைச் 'சார்' என்பேன். அவர் என்னை 'அண்ணே' என்பார். சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய், அந்த ஊர் மழையில் நனைந்து, அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

திட்டு என்றால் மரியாதையான திட்டு. "இந்த வரி நல்லாத்தான் இருக்கு. ஆனா முந்தின வரிக்கும் இதுக்கும் என்ன உறவு? சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி நிக்குதுலா அண்ணே," என்பார். கொண்டுபோனதில் பாதி அவர் பேனாவில் அடிபட்டுப் போய்விடும். வீடு வந்து சேரும்வரை கோபமாக இருப்பேன். மறுநாள் எடுத்துப் படித்தால் அவர் அடித்தது சரி என்று தெரியும். அதில் இன்னும் கோபம் வரும்.

ஒரே ஒரு இயலில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அது இழப்பைப் பற்றியது. நான் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவன். அங்கே ஒரு சாவு விழுந்தால் ஒப்பாரி லயம் முழுக்கக் கேட்கும். மாரில் அடித்துக்கொண்டு அழுதவர்களே மறுநாள் விடியுமுன் பெரட்டுக்குப் போய், அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். நாலு எழுத்துப் படித்த பிறகு அந்த ஓலம் எனக்கு அவமானமாகப் பட்டது. துக்கம் அறியாமையிலிருந்து வருகிறது, எல்லாம் அழியும் என்று மெய்யாகவே அறிந்தவனுக்கு அழுவதற்கு ஒன்றுமில்லை என்று படிப்படியாக நிறுவியிருந்தேன்.

"இதுல ஒரு ஓட்டையும் இல்ல அண்ணே. உங்க பட்டம் இந்த இயல்லதான் இருக்கு," என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முழு ஆய்வேடும் கையெழுத்துக்காக அவர் மேசையில் காத்திருந்த நேரத்தில், அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். இன்னும் பேச்சு திருந்தாத குழந்தை. செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. சாவு வீட்டில் யாரும் 'வாங்க' என்று சொல்லமாட்டார்கள். அவர் சொன்னார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணே. அந்த இயலக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கசப்பு மருந்தை விழுங்குகிற நோயாளிபோல ஒவ்வொரு வாதத்துக்கும் தலையசைத்தார். என் எழுத்தைப் பார்த்து எனக்கே முதல்முறையாகப் பயம் வந்தது. நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சரியாத்தான போகுது," என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"அண்ணே, நீங்க எழுதினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. பிள்ளை போனதுலேருந்து இவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. நான் அழுதா, 'அழாத, அண்ணே எழுதியிருக்கிறதக் கேளு'ன்னு சொல்றாரு. நான் ஒருத்தியா அழுதுகிட்டு இருக்கேன். எழுதினவரு நீங்க. அழலாம்னு நீங்களே சொல்லுங்க."

அந்த இயலை மட்டும் பிரித்தெடுத்து என் பைக்குள் வைத்தேன். அது இல்லாமல் கப்பலேறிய ஆய்வேடு எனக்குப் பட்டம் வாங்கித் தரவில்லை. அதற்காகப் பிறகு வருந்தினேன், பொய் சொல்வானேன். அந்த நிமிடத்தில் பட்டம் நினைவிலேயே இல்லை. மேசையைச் சுற்றிப் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"தப்பா எழுதிட்டேன் சார். அழுங்க."

"எங்க தப்பு? எந்த வரி?"

எனக்குக் காட்டத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

"வரி தெரியல சார். ஆனா தப்பு."

அப்படி ஒரு பதிலை அவர் எந்தச் சனிக்கிழமையும் விட்டுவைத்ததில்லை. அன்று விட்டுவிட்டார். பிறகு மகள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.