எதுவாரின் கிராங்க்கில் வார்த்த ஈயம்

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். கெஞ்சி நம்பவைக்க எனக்கு ஒன்றும் தலையெழுத்து இல்லை. 1979 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. பட்டப்பகல். உழவர்கரையில் என் லேத் பட்டறையில் நடந்தது இது. அதன்பிறகு பத்து நாள் என் கையாலேயே எனக்குச் சோறு பிசைந்து சாப்பிட முடியவில்லை. அவ்வளவு அருவருப்பு.

எதுவாருக்கு இருபது வயது. பிரெஞ்சுக்காரன் போனபிறகும் அவர்கள் குடியுரிமையை வைத்துக்கொண்ட பிரெஞ்சு நேஷனாலிட்டிக் குடும்பம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோதே செத்துப்போனவர். அம்மா ஜோசஃபினுக்கு இவன் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பக்கம் பைக் ரேஸ். தன் புல்லட்டின் கிராங்க்கை எடை குறைத்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்திருந்தான்.

பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் இரண்டு கனமான இரும்புச் சக்கரங்கள்தான் கிராங்க். விளிம்பை லேத்தில் சீவினால் என்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் சீவிய பிறகு ஒரு பக்கம் கனம் போதாது. அங்கே துளை போட்டு ஈயம் வார்த்துச் சரிக்கட்ட வேண்டும். அந்த பேலன்ஸ் தப்பினால் ஓட்டுகிறவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

என்னிடம் ஈயம் தீர்ந்திருந்தது. எதுவார் வீட்டுக்கு ஓடி, ஒரு பழைய ஈயத் தகட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏதுடா இது?"

"பின்கட்டு ரூம் வாசல்ல கெடந்துச்சு முருகையண்ணே. அம்மா தூங்குறாங்க. எடுத்தாந்துட்டேன்."

மதியம் 1.50. தகட்டை வெட்டி, இரும்புக் கரண்டியில் போட்டுப் பம்பு ஸ்டவ்வில் உருக்கினேன்.

நாற்றம்... எலி செத்துக் கிடக்கிறதென்று மேசைக்கு அடியில் தேடினேன். ஒன்றும் இல்லை. கரண்டியில் இருந்துதான் வந்தது.

இருபது வருடமாக ஈயம் உருக்குகிறேன். சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும். வழித்து எறிந்தால் பளபளக்கும். இதில் மஞ்சளாக, கொழகொழவென்று கட்டியது. வழித்தேன். மறுபடி கட்டியது. ஐந்து முறை! சீ... வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

"விட்ருடா. நாளைக்கு வேற ஈயம் வாங்கியாறேன்."

"நாளைக்கு என்ஜின் பூட்டணும்ண்ணே. மூக்கப் பொத்திக்கிட்டு ஊத்துங்க."

ஊற்றித் தொலைத்தேன்.

கத்தி முனைபோல் தீட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பட்டறையில் உண்டு. கிராங்க்கின் அச்சை அவற்றின்மேல் வைத்துவிட்டால், கனமான பக்கம் தானாக உருண்டு கீழே வரும். வேண்டுமென்றே ஈயத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவேன். பிறகு டிரில் போட்டுக் குறைப்பேன். ஆக, ஈயப் பக்கம் கீழே இறங்க வேண்டும்.

3.05. வைத்தேன். உருண்டது.

ஈயம் மேலே போய் நின்றது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மட்டம் துல்லியம். ஈயத்தைக் கீழே திருப்பிக் கையை எடுத்தேன். மெதுவாக... கிர்ர்... மறுபடி மேலே.

3.09. 3.12. 3.20. ஒவ்வொரு தடவையும் மேலேதான்.

"என்னண்ணே இது?"

"பேசாத."

ஈயம் வியர்த்திருந்தது. துணியால் துடைத்தேன். பிசுபிசுப்பு. எண்ணெய் இல்லை. திரும்பவும் கசிந்தது. அதில் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. எண்ணெய் ஊறிய இரும்பில் எந்த ஈயாவது உட்காருமா?

டிரில் போட்டேன். ஈயச் சீவல் ஈரமாக வந்தது.

டிரில்லைச் சுற்றி ஒரு முடி.

கொதிக்கக் கொதிக்க ஊற்றிய ஈயம்... உள்ளே கருகாத முடி.

த்தூ!

4.25. கடைசியாக ஒரு தடவை வைத்தேன். அசையவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்ட இடத்தில் நின்றது. அப்படி ஒரு பேலன்ஸை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

அந்த ஈயத்தை அப்போதே பெயர்த்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அந்தச் சனியன் என் பட்டறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. "சரியா இருக்கு, எடுத்துக்கிட்டுப் போடா" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன். அதை நினைத்தால் அந்த நாற்றத்தைவிட என்மேல்தான் எனக்குக் குமட்டுகிறது.

ஞாயிறு காலை 11.40. மூன்றாவது சுற்று. எதுவார் கையைத் தூக்கிக் கத்தினானாம். ஆக்சிலேட்டரை விட்டும் என்ஜின் அடங்கவில்லை. தீப்பொறி கிடைக்காமல் நிற்கட்டும் என்று ஓடும்போதே குனிந்து பிளக் ஒயரைப் பிடுங்கியிருக்கிறான். அப்போதும் அடங்கவில்லை. வேகம்தான் கூடியது. தடுப்புச் சுவரில் மோதினான். அங்கேயே போய்விட்டான்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் ஜோசஃபின் பட்டறைக்கு வந்தார்.

"எதுவார் இங்க ஒரு தகடு எடுத்தாந்தானா?"

"ஆமாம் மதாம். உருக்கிட்டேன்."

கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் அப்பா பொணம் வந்த பெட்டியோட தகடு அது. அறுபத்தொண்ணுல பிரான்ஸ்லேருந்து கப்பல்ல அனுப்புனாங்க. உள்ள ஈயத் தகடு வச்சு, காத்துகூடப் போகாம பத்தவச்சு மூடியிருந்துச்சு. தெறக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்க. மூஞ்சியப் பாக்கணும்னு நான்தான் அழுதேன். வெட்டித் தெறந்தாங்க."

கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"குப்புறக் கெடந்தாரு. தகட்டுல உள்பக்கம் பூரா நகத்தால சொரண்டியிருந்துச்சு."

என் கையைத் துணியில் துடைத்தேன்; மறுபடி துடைத்தேன்.

"அத யாருக்கும் காட்ட முடியல. புதைக்கவும் மனசு வரல. பின்கட்டு ரூம்ல போட்டுப் பூட்டுனேன்."

கழுத்துச் சங்கிலியை வெளியே இழுத்தார். சிலுவையோடு ஒரு சாவி தொங்கியது.

"பதினெட்டு வருசமா இதக் கழட்டுனதே இல்ல. இன்னைக்குத்தான் தெறந்தேன். பூட்டு ஒடையாம அப்படியே இருந்துச்சு. தகடு மட்டும் இல்ல."