மரை கழன்ற சாயங்காலம்

இரும்பு தோற்கிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி, அவ்வளவுதான். அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில், ஜாக்கியில் ஏற்றிக் கட்டைகளை அண்டக் கொடுத்திருந்த காருக்கு அடியிலிருந்து அது வந்தது. சாக்கை விரித்து உள்ளே மல்லாந்து கிடந்தது மதினி, என் அண்ணன் மனைவி. வெளியே டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

மதினி பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஒரே ஆசிரியை, ஒரே கார். மறுநாள் காலை அவரிடம் பழகும் நர்ஸம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே இரண்டு முறை ரிவர்ஸில் கோட்டை விட்டவர் அவர். பின்னால் போகும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்பது பிடிபடவே இல்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா வண்டியே வேண்டாம், காலத்துக்கும் பஸ்லயே போயிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "இதுல என்ன கொழப்பம் ஒங்களுக்கு?" என்று மதினி அவரைக் கடியாத நாளில்லை.

டெஸ்டுக்கு வண்டி வழுக்கிக்கொண்டு ஓடட்டும், ஆயிலை நாமே மாற்றுவோம் என்பது மதினியின் ஆசை. ரிப்பேர் கற்றுக்கொள்ள எங்கள் இருவருக்குமே அப்போது ஒரு கிறுக்கு. எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்தப் பக்கம் கழலும் என்பது எனக்கு மறந்து மறந்து போகும். மதினிதான் வழி கண்டுபிடித்தார். "கோயிலச் சுத்துத மாதிரி சுத்துனா இறுகும் தம்பி, எதுத்தாப்ல சுத்துனா கழலும். போல்ட்ட சாமின்னு நெனச்சுக்கிடுங்க. அதச் சுத்தி நீங்க நடக்கீய, அம்புட்டுத்தான்." பானெட்டைத் திறந்ததும் மேலே தெரிகிற எல்லாவற்றுக்கும் அது பலித்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு குட்டிப் பிராகாரம், அதில் என் விரல்கள் வெறுங்காலோடு நடக்கின்றன என்று நினைத்துக்கொண்டு நானும் திரிந்தேன்.

அன்று, பழைய ஆயிலை வடிக்கக் கழற்ற வேண்டிய அடி போல்ட் அசையவில்லை. மதினி கண்ணை மூடி மனசுக்குள் அதை எதிர்ச்சுற்றாகச் சுற்றி வந்தார். கை அப்படியே இழுத்தது. "துருப்புடிச்சிருக்கு போல" என்றார். பலம் போதாதோ என்று ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகிக் கொடுத்தேன். அப்புறம்தான் அந்த அப்பளச் சத்தம். அதன்பின் எந்தப் பக்கம் திருகினாலும் போல்ட் சும்மா சுற்றியது. கறுப்பாக ஒரு சொட்டு கசிந்து மதினியின் கன்னத்தில் விழுந்தது.

போன் போட்டதும் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி வந்து அடியில் புகுந்தார். "மரை கழண்டு போச்சே" என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இப்பதைக்கு வண்டிக்கு. கழத்துததுக்குப் பதிலா இறுக்கு இறுக்குன்னு இறுக்கியிருக்கீய. குழாய எடுத்துக் குடுத்தது நீரா வே?"

மதினி விடவில்லை. "எதுத்தாப்லதான சுத்துனேன்!" என்று தன் கோயில் கணக்கைச் சொன்னார். சிரிப்பார் என்று நினைத்தேன். அண்ணாச்சி படுத்தபடியே விரலால் காற்றில் வட்டம் போட்டார். வெளியே வந்து நின்று போட்டார். மறுபடி படுத்துப் போட்டார். அவருக்கும் இது புதுசு போல. பிறகு காருக்கடியிலிருந்து ஒரு வெடிச்சிரிப்பு.

"யம்மா, நீங்க தரையில நின்னுல்லா சுத்துதீய. இங்கன சாமி தலைகீழால்லா நிக்கி! அவரு தலைப் பக்கம் இருந்துல்லா பாக்கணும்."

மூன்று பேரும் மாறி மாறிப் படுத்துப் பார்த்தோம். ஒரே வட்டம்தான், மேலிருந்து பார்த்தால் வலம், கீழிருந்து பார்த்தால் இடம். வட்டம் மாறவில்லை, பார்க்கிற கண் இடம் மாறியிருக்கிறது. எத்தனையோ தடவை கோயிலைச் சுற்றி வந்த கால்களுக்கு, நிலத்துக்கு அடியிலிருந்து பார்ப்பவனுக்கு நாம் எதிர்ச்சுற்று நடக்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இன்றைக்கும் ஒரு திருகாணியைத் தொடும்போது, "நீ எங்கே நின்று பார்க்கிறாய்?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சேம்பரை இறக்கிப் புதுசாக மரை வெட்ட வேண்டும், நாளைக்குள் ஆகாது என்றார் அண்ணாச்சி. தன் காரைக் கொடுத்தார். நர்ஸம்மா தொட்டே பார்க்காத கார். மதினி வெகுநேரம் கன்னத்து ஆயிலைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நர்ஸம்மாவுக்குப் போன் செய்தார். "ஒங்களச் சும்மா ஏசிட்டேன். அது கொழப்பந்தான். நாளைக்குப் பின்னால போகையில கண்ணாடியப் பாத்து யோசிக்காதீய. முழுசாத் திரும்பி உக்காந்து, போற பக்கத்தப் பாத்துட்டு அப்புறம் ஒடிங்க. பையச் செய்யுங்க."

மறுநாள் டெஸ்ட் மைதானத்து வேலியோரம் நாங்கள் நின்றோம். ரிவர்ஸில் நர்ஸம்மா முதலில் தப்பான பக்கம்தான் ஒடித்தார். மதினியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. கார் நின்றது. உள்ளே அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, உடம்பையே திருப்பிப் பின்னால் பார்ப்பது தெரிந்தது. ஸ்டியரிங் மெல்ல மறுபக்கம் வந்தது. கம்புகளுக்கு நடுவே கார் பைய, ஒன்றையும் இடிக்காமல் போய்ச் சேர்ந்தது. பாஸ் என்று அதிகாரி தலையாட்டினார்.

டெஸ்ட் முடிந்து வீடு திரும்பினோம். ஆற்றுப்பாலம் ஏறியதும் மதினி தானாகச் சிரித்தார்.

"தப்புன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டாவல்லா தம்பி. நான்னா குழாயச் செருகி இழுத்திருப்பேன்."