முதல் எழுத்தில் மை இல்லை

ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை. கடைசி நான்கு எழுத்தும் தெரியும் – ஐ, ஜி, ஹெச், டி. முதல் எழுத்து என்ன?

தினமும் காலையில் காப்பியோடு போனில் நான் விளையாடும் ஆட்டத்தில் இந்த இடம் வந்தாலே எரிச்சல்தான். லைட், நைட், ரைட், ஃபைட்... எதைப் போட்டாலும் பொருந்தும். வாய்ப்போ ஆறுதான். போகட்டும், தோற்றால் என்ன ஆகிவிடும்? காப்பி ஆறிப்போகும், அவ்வளவுதான்.

ஒன்றரை மாதத்துக்கு முன்பு அதே நான்கு எழுத்து ஒரு காகிதத்தில் வந்தது. எழுதியவன் என் தம்பி சரவணன்.

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் இருக்கிறான். கன்டெய்னர் யார்டில் வேலை. வேலை முடிந்து வரும்போது மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிவிட்டது. தாடை உடைந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். வலது கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு. இடது கையில் டிரிப்ஸ். அவன் போன் ரோட்டிலேயே நொறுங்கிப் போயிருந்தது.

மறுநாள் மதியம் நான் பூச்சோங் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவன் மனைவி கவிதா கட்டில் ஓரமாய் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னமோ சொல்ல வராரு அண்ணி. ஒரு மணி நேரமா இப்படித்தான். எனக்கு ஒண்ணுமே புரியல."

வாயைத் திறக்க முடியாமல் "ம்... ம்..." என்று முனகினான். கண் வலது பக்கமே போய்ப் போய் வந்தது.

"வலிக்குதாடா?"

தலையசைத்தான்.

"மிஸ்ஸி வந்து ஊசி போட்டுட்டுப் போனாங்க. கொஞ்ச நேரத்துல குறையும்னாங்க," என்றாள் கவிதா.

என் போனை நீட்டி டைப் பண்ணச் சொன்னேன். விரல் நடுக்கத்தில் ஏதேதோ எழுத்துகள் விழுந்தன. கைப்பையில் ஒரு பேனா இருந்தது. ஒரு பழைய கவரையும் எடுத்துப் பிடித்துக்கொண்டு, பேனாவை ஊசி குத்தியிருந்த இடது கையில் கொடுத்தேன். எழுதினான். முதல் எழுத்துக்குப் பேனா மை விடவில்லை. வெறும் கீறல். அப்புறம் கோணல்மாணலாக நான்கு எழுத்து. அதற்குள் பேனா நழுவிவிட்டது.

ஐ, ஜி, ஹெச், டி.

"லைட்," என்றேன் உடனே. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. திரையை இழுத்து மூடினேன். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுபடியும் முனகினான்.

"ரைட்டா இருக்கும் அண்ணி. அந்தப் பக்கமே பாக்கறாரு பாருங்க. திரும்பிப் படுக்கணும் போல."

இருவருமாகத் தோளுக்கடியில் கை கொடுத்து வலது பக்கம் சாய்த்தோம். மூடிய வாய்க்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பதறிப்போய் மல்லாத்தினோம். அவன் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

கவிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "ஃபைட்டா? ஏங்க, யாராச்சும் அடிச்சாங்களா? நீங்களா விழலையா? இல்ல... நைட்டு என்னைத் துணைக்கு இருக்கச் சொல்றீங்களா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நாற்பது வருஷமாக அவனுக்கு அக்காவாக இருக்கிறேன். அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரவணா, நான் ஒவ்வொண்ணா சொல்றேன். சரியான வார்த்தை வந்தா விரலைத் தூக்கு. தப்புன்னா சும்மா இரு."

ஏ, பி, சி வரிசையில் போனேன். எய்ட். ஃபைட். லைட். மைட். விரல் கல் மாதிரி கிடந்தது. நைட். ரைட். சைட். அசையவில்லை. தினமும் விளையாடுகிறவள்... இன்னும் ஒன்று இருக்கிறதே, என்ன அது? எஸ்ஸுக்கு அடுத்தது என்ன?

"டைட்?"

ஆள்காட்டி விரல் எழுந்தது. எழுந்தது இறங்கவே இல்லை.

"எதுடா டைட்டா இருக்கு?"

கண் வலது பக்கம் போனது. ஜன்னலை அல்ல, கையை. தோள் வரை மூடியிருந்த போர்வையை விலக்கினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன. தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"விரலை ஆட்டுடா."

ஆடவில்லை.

நான் கூப்பிட்ட குரலில் நர்ஸ் ஓடி வந்தார். நம் தமிழ்ப் பெண்தான். ஒரு நகத்தை அழுத்தி, விட்டு, பார்த்தார். முகம் மாறியது. "எப்பலேர்ந்து இப்படி இருக்கு ஆன்டி?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. டாக்டரோடுதான் திரும்பி வந்தார்.

எங்களைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். மாவுக்கட்டை அறுக்கும் மிஷின் சத்தம். கவிதா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் வளைந்தே போய்விட்டது. சத்தம் நின்றது. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் நின்றோமோ, தெரியாது.

டாக்டர் வெளியே வந்தார். "உள்ள வீக்கம் திடீர்னு ஏறிருச்சு. சில பேருக்கு இப்படி ஆகும். சீக்கிரம் சொல்லிட்டீங்க, நல்லது. லேட் ஆயிருந்தா கை கஷ்டம் லா."

உள்ளே போனோம். நகங்களில் மெதுவாக ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. சரவணன் தன் சுண்டுவிரலைக் கொஞ்சம் அசைத்து எனக்குக் காட்டினான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. வெளிச்சம் பட்டால் தலைவலி வருவது எனக்கு. நான் லைட் என்றேன். ராத்திரி அவனைத் தனியே விட்டுப் போகப் பயந்தவள் கவிதா. அவள் நைட் என்றாள். யார்டில் யாரோடோ உரசல் என்று அவள் மனதுக்குள் ஒரு கவலை. அது ஃபைட் ஆனது. காலியாக இருந்த முதல் எழுத்தில் அவரவர் மனதில் இருந்ததைப் போட்டு நிரப்பினோம். படுத்திருக்கிறவனைக் கேட்கத் தோன்றியது கடைசியில்தான். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் பலரும் அன்போடு செய்வது இதைத்தானோ?

போன வாரம் தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்கள். பூச்சோங்குக்கு வந்திருந்தான். மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, 'இறுக்குது'ன்னு தமிழ்ல எழுதியிருந்தா முதல் எழுத்து போனாகூடப் புரிஞ்சிருக்குமே?"

"இடது கையில 'இ' போட்டுப் பாருக்கா. அதைச் சுழிச்சு முடிக்கறதுக்குள்ள என் கையே போயிருக்கும்."

அவன் கிளம்பிய பிறகு ஒரு காகிதத்தில் இடது கையால் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.