ஒரே பெயரில் இரண்டு சாவிகள்

“சாப்பிட்டியாம்மா?” என்று போன வாரம் மகள் பெயரில் ஒரு மெயில். “என் புது வீட்டு அட்ரஸ உனக்குச் சரியா அனுப்பினேனான்னு பாக்கணும், அதை எனக்குத் திரும்ப அனுப்பு.”

பாதி டைப் செய்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது... நான் சாப்பிட்டேனா என்று என் மகள் எந்தக் காலத்தில் கேட்டாள்?

போன் செய்தேன். அவள் எழுதவில்லை. பெங்களூரில் தன்னை விடாமல் பின்தொடர்ந்த ஒருவனுக்குப் பயந்துதான் அவள் வீடே மாறியிருக்கிறாள். வேறு யார் எழுதியிருப்பார்கள்? அவன் பெயரை நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

“இனிமே எதுனாலும் பூட்டி அனுப்பும்மா,” என்றாள். அவளுடைய பப்ளிக் கீ, அதாவது பொதுச் சாவி, இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கிறதாம். அதை வைத்து யாரும் பூட்டலாம். திறப்பதற்கான ரகசியச் சாவி அவளிடம் மட்டும்.

தேடினேன். அவள் பெயரில் இரண்டு சாவிகள்!

“நான் ஒண்ணுதாம்மா போட்டேன்.”

அந்தப் பட்டியலில் யார் பெயரிலும் யாரும் சாவி போடலாமாம். கேட்பாரில்லை. இன்னொன்று அவன் போட்டதாக இருந்து, நான் அதை எடுத்துப் பூட்டினால்? எழுதுவதெல்லாம் நேரே அவன் கைக்கு!

ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை போல, எண்ணும் எழுத்துமாக நீளமாக ஒரு வரிசை உண்டு. அவள் தன்னுடையதைப் போனில் வாசிக்க, நான் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

மலைமேல் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. போடிமெட்டு ஏறினால் சிக்னல் போய்விடும். கீழே ஜீப் நிரம்புவதற்குள் முடித்தாக வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு நடுவே நெருங்கி உட்கார்ந்து முணுமுணுத்தேன்.

“கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு.”

“சுத்தி ஆளு இருக்குடீ!”

“இருக்கட்டும். இது ஊருக்கே தெரியலாம்.”

கத்தினேன். “ஏழு... டி... ஒன்பது... எஃப்...”

பக்கத்துப் பெண் டிரைவரைக் கூப்பிட்டாள். “அண்ணே, வெரசா எடுங்க! லோடு சாஸ்தின்னு டீச்சர் போலீசுக்கு ஒங்க வண்டி நம்பரச் சொல்லுது!”

ஜீப்பே சிரித்தது. போனில் மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

ஒரு சாவி ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டது. மற்றது கடைசி எழுத்துவரை பொருந்தியது.

“அதாம்மா என்னோடது. சோலி கெடக்கு, வச்சிரவா?”

வெறும் எண்ணும் எழுத்தும்தான். ஆனாலும், சமீபத்தில் இவ்வளவு நேரம் நாங்கள் பேசியதில்லை. ஜீப் கிளம்பிவிட்டது. சிக்னல் இருக்கும்வரை இருக்கட்டுமே...

“எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குடீ. மொதல்லருந்து இன்னொரு தடவை வாசி.”

சந்தேகமெல்லாம் ஒன்றுமில்லை.