ஸ்டீபன் சார் வரலையா?

ஓர் ஆபீசில் இருக்கிற கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒரே கணக்கைப் பார்க்க வைப்பதுதான் தொண்ணூறுகளில் என் தொழில். தாம்பரத்தில் சின்ன கம்பெனி. அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் விற்போம், நேரில் போய்ப் போட்டும் கொடுப்போம். போகிறவர்கள் இரண்டு பேர்: மல்லிகாவாகிய நான், எனக்குப் பிறகு சேர்ந்த ஸ்டீபன். அவன் சிரித்தால் எதிரில் இருப்பவரும் சிரிப்பார். கூட வேலை செய்கிறவருக்கு மட்டும் பிஸ்கட்டோடு காபி வருவதைப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பல்லாவரத்தில் ஒரு பட்டன்

தோல் ஏற்றுமதி ஆபீஸ். காலையிலிருந்து மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து கேபிள் இழுத்தேன். ஒவ்வொரு மெஷினிலும் பிளாப்பி போட்டு சாஃப்ட்வேரை ஏற்றி, யார் எதைத் திருத்தலாம், யாருக்கு எந்தப் பிரிண்டர் என்று அமைத்தேன். புடவை முழுக்கத் தூசி.

சாயங்காலம் ஸ்டீபன் ஓட்டிக் காட்ட வந்தான். உட்கார்ந்து ஒரு பட்டனைத் தட்டினான். அடுத்த அறையில் பில் அச்சாகும் சத்தம் கேட்டது. முதலாளி எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பக்கத்துல இருந்து கவனிச்சுக்கம்மா, நீயும் கத்துக்கலாம்" என்றார்.

அண்ணன் டேபிள், தம்பி டேபிள்

கிழக்குத் தாம்பரத்தில் அண்ணன் தம்பி நடத்திய பெயின்ட் கடை. கணக்கு முழுவதும் இருக்கிற மெஷினை சர்வர் என்போம். அது தன் டேபிளில்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் பிடிவாதம். எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கேட்கவில்லை.

மறுநாள் ஸ்டீபனும் வந்தான். "ஹோட்டல்ல சர்வர் யார் சார்? கேக்கறவங்களுக்கெல்லாம் எடுத்துட்டு வந்து குடுக்கறவர். இதுவும் அதேதான்" என்றான். எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று வயிறு எரிந்தது. தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப அது அண்ணன் டேபிள்லயே இருக்கட்டும்" என்றார்.

துடைப்பம் செய்த வேலை

குரோம்பேட்டை நர்சிங் ஹோமில் ஒரு காலை எல்லா மெஷின்களும் நின்றுபோயின. பச்சைக் குழந்தையோடு ஒரு பெண் பில்லுக்காகப் பெஞ்சில் காத்திருந்தாள். அப்போதெல்லாம் கேபிள் ஒரே சரமாகப் போகும். ஓரிடத்தில் கழன்றால் மொத்தமும் படுத்துவிடும். மருந்துக் கவுண்டருக்கு அடியில் துடைப்பம் பட்டு ஒரு முனை கழன்றிருந்தது. மாட்டினேன், ஓடியது.

யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நிமிர்ந்தேன். பெருக்குகிற ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அந்த சிரிச்ச மூஞ்சி சார் வர்லியா?" என்றார்.

பெங்களூர்

பெங்களூரில் புதுக் கிளை; பொறுப்பாளராக ஒருவரை அனுப்புவார்கள் என்று பேச்சு. சீனியர் நான்தான். வீட்டில் சொல்லியும்விட்டேன். ஆனால் மேனேஜர் கூப்பிட்டது ஸ்டீபனை. பொறுக்காமல் போய்க் கேட்டேன். "நீ போயிட்டா இங்க வேலையை யாரும்மா செய்யறது?" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு போனேன்.

கிளம்புகிற அன்று ஸ்டீபன் என் மேஜைக்கு வந்தான். பெருமை பேசத்தான் வருகிறான் என்று நினைத்தேன். சிரிக்காமல் நின்றான். "அக்கா, இத்தனை நாள் நீங்க போட்டு வச்சதைத்தான் ஓட்டிக் காட்டினேன். அங்க யார் எனக்குப் போட்டுக் குடுப்பா?" என்றான்.

எத்தனையோ கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைத்த எனக்கு, பக்கத்து நாற்காலிக்காரனோடு ஒத்துப்போக அவன் ஊரைவிட்டே போக வேண்டியிருந்தது.